வெட்டி ஒட்டும் மாதிரிகளில் அளவுத்திட்டத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பத்திரிகைகளின் மாணவர் பகுதிகளில் அவ்வப்போது வரும் வெட்டி ஒட்டும் காகித மாதிரிகள் குறித்து ஒரு வேண்டுகோள். வீடோ கோபுரமோ ரயில் நிலையமோ, எதைப் போட்டாலும் அதன் அளவுத்திட்டத்தை ஒரு மூலையில் போடுங்கள். அதன் பக்கத்தில் சரியாக 100 மில்லிமீற்றர் நீளமான ஒரு கோட்டையும் இழுத்து விடுங்கள். இந்த இரண்டும் இல்லாத மாதிரியை ஒட்டி அலுமாரிக்கு மேல் வைக்கலாம். சிறிய ஆள் உருவங்களை நகர்த்திப் படை நடத்தும் மேசை விளையாட்டில் அந்தச் சிற்றுருவங்களுக்குப் பக்கத்தில் வைத்தால் ஆள் கூரையை எட்டிப் பார்ப்பான், அல்லது கதவின் கைபிடி தலைக்கு மேலே போய்விடும்.

வன்னியில் இந்தப் பொழுதுபோக்குக்குக் காகிதமே முதல் பொருள். வெளிநாட்டுப் பிளாஸ்ரிக், உலோக உருவங்களின் விலையோடு அனுப்புகூலியும் வரியும் சேர்ந்தால் ஒரு சிறு படைக்கு ஆகும் செலவில் ஒரு பிறிண்டரையே வாங்கிவிடலாம். கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு கொமினிக்கேசன் கடையும் நல்ல கத்தியும் இருந்தால் மேசை நிறைய ஒரு கிராமத்தைக் கட்டலாம். போர் விளையாட்டா என்று முகம் சுளிப்பவர்கள் இங்கே இருப்பார்கள், அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் மேசையில் என்ன நடக்க வேண்டும் என்பதை ஆடுபவர்தான் தீர்மானிக்கிறார். யானைக் கூட்டத்திடமிருந்து வயலைக் காக்கும் ஆட்டத்துக்கும் இதே கணக்குத்தான்.

அளவுகள் இரண்டு பாஷையில் பேசப்படுவதால்தான் முதல் குழப்பம் வருகிறது. விளையாடுபவர்கள் 28 மில்லிமீற்றர், 15 மில்லிமீற்றர், 6 மில்லிமீற்றர் என்று ஆளின் உயரத்தைச் சொல்வார்கள். மாதிரி வரைபவர்கள் 1:56, 1:100 என்று விகிதத்தைச் சொல்வார்கள், 1:100 என்றால் உண்மையான அளவில் நூறில் ஒரு பங்கு. 28 மில்லிமீற்றர் என்பது உள்ளங்காலிலிருந்து கண் வரைக்குமா உச்சந்தலை வரைக்குமா என்பதில் உருவம் செய்பவர்களிடையே ஒற்றுமை இல்லை. கண் வரை என்று எடுத்தால் கிட்டத்தட்ட 1:56, உச்சந்தலை வரை என்றால் 1:60. ஓர் அங்குலச் சதுரத்தை ஐந்து அடியாகக் கொள்ளும் ஆட்டங்களும் 1:60க்கே வந்து நிற்கின்றன. 20 மில்லிமீற்றரை 1:72 என்றும், 15ஐ 1:100 என்றும், 10ஐ 1:150 அல்லது 1:160 என்றும், 6ஐ 1:285 அல்லது 1:300 என்றும் எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் 28ஐயும் 15ஐயும் நேரே வகுத்து 53.6 சதவீதம் என்று போடாதீர்கள். விகிதங்களை வகுக்க வேண்டும். மூல மாதிரியின் கீழ் எண்ணை (1:60 என்றால் 60), வேண்டிய அளவின் கீழ் எண்ணால் வகுத்து 100ஆல் பெருக்கினால் அச்சிட வேண்டிய சதவீதம் கிடைக்கும். 1:60இலிருந்து 1:100க்குப் போக 60 ÷ 100, அதாவது 60 சதவீதம். 1:60இலிருந்து 1:72க்கு 83.3 சதவீதம். 1:60இலிருந்து 1:300க்கு 20 சதவீதம். ரயில் மாதிரிக்காரர்களின் கட்டடங்கள் பெரும்பாலும் 1:87, பிரித்தானியாவில் 1:76. இவற்றை 1:56க்குக் கொண்டுவர முறையே 155.4, 135.7 சதவீதம் பெரிதாக்க வேண்டும். போலந்துக் காகித விமானங்கள் வழமையாக 1:33, கவச வாகனங்கள் 1:25. விமானத்தை 1:72 ஆக்க 45.8 சதவீதம், வாகனத்தை 1:56 ஆக்க 44.6 சதவீதம். விடை 100க்குக் கீழே வர வேண்டிய இடத்தில் மேலே வந்தால் எண்கள் இடம் மாறிவிட்டன. இது அடிக்கடி நடக்கும், தாள் வீணான பிறகுதான் தெரியும்.

அளவுத்திட்டமே போடாத மாதிரி கையில் கிடைத்தால் கதவை அளந்து பாருங்கள். நம்முடைய வீட்டுக் கதவு ஆறரை அடி, அதாவது 1980 மில்லிமீற்றர். காகிதத்தில் கதவு 33 மில்லிமீற்றர் உயரம் என்றால் 1980 ÷ 33 = 60, ஆகவே மாதிரி 1:60. கோவில் வாசல், கோட்டை வாசல், களஞ்சியக் கதவு ஆகியவற்றை வைத்து இந்தக் கணக்கைப் போட வேண்டாம், அவை ஆள் அளவுக்குச் செய்யப்பட்டவை அல்ல. கதவு நம்பத்தகாததாக இருந்தால் படியைப் பாருங்கள். ஒரு படியின் உயரம் 150 முதல் 175 மில்லிமீற்றருக்குள் இருக்கும். ஒரு படியை மட்டும் அளந்தால் பிழை பெரிதாகும், ஆகவே பத்துப் படிகளைச் சேர்த்து அளந்து பத்தால் வகுக்க வேண்டும்.

நம்மூர்க் கட்டடங்களைப் புதிதாக வரைபவர்களுக்கு இதே கணக்கு மறுபக்கமாக உதவும். இருபது அடி நீள மண்வீடு 6096 மில்லிமீற்றர். அது 1:56இல் 109 மில்லிமீற்றர், 1:72இல் 85, 1:100இல் 61, 1:300இல் வெறும் 20. இரண்டரை மீற்றர் உயர யானை 1:56இல் 45 மில்லிமீற்றர், 1:100இல் 25. மரங்களுக்கு மட்டும் இந்த நேர்மை வேண்டாம். இருபது மீற்றர்ப் பனை 1:56இல் 36 சென்ரிமீற்றர் வரும். அது கை பட்டவுடன் சரியும், பின்னால் இருப்பவரின் பார்வையையும் மறைக்கும். பாதி உயரத்தில் வெட்டுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். கட்டடத்திலும் இப்படி ஒரு வழக்கம் உண்டு. கதவையும் சுவரின் உயரத்தையும் ஆள் அளவுக்கு விட்டுவிட்டு, நீள அகலத்தை மட்டும் கால்வாசி குறைப்பார்கள். மேசையில் இடம் மிச்சமாகும், கண்ணுக்கும் உறுத்தாது. ஆனால் நீளத்தையும் உயரத்தையும் வெவ்வேறு சதவீதத்தில் நசுக்கி இதைச் செய்யக்கூடாது. சன்னல் ஒடுங்கி, செங்கல் சதுரமாகிவிடும். சுவரின் நடுவே சன்னல் இல்லாத ஒரு துண்டை நீக்கி இரு பக்கத்தையும் சேர்ப்பதே முறை. கூரையிலும் அதே அளவு துண்டை நீக்க மறக்காதீர்கள்.

இனி அச்சு. கணக்குச் சரியாக இருந்தும் மாதிரி பிழையாகிப்போவது பெரும்பாலும் கொமினிக்கேசன் கடையில்தான், கடைக்காரரின் குற்றத்தாலும் அல்ல. இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் கணிசமானவை அமெரிக்க லெற்றர் தாளுக்கு வரையப்பட்டவை. அது 215.9 × 279.4 மில்லிமீற்றர். நம்முடைய ஏ4 210 × 297. லெற்றர் பக்கம் ஏ4ஐ விட ஆறு மில்லிமீற்றர் அகலம் என்பதால், தாளுக்குள் அடக்கும் 'ஃபிற்' என்ற தெரிவில் விட்டால் பிறிண்டர் யாரையும் கேட்காமல் பக்கத்தை 97 சதவீதத்துக்கோ அதற்குக் கீழேயோ சுருக்கிவிடும். ஒரு வீட்டில் இது தெரியாது. ஆனால் ஓர் அங்குலச் சதுரம் போட்ட தரைத்தாளில் பத்துச் சதுரம் 254 மில்லிமீற்றருக்குப் பதிலாக 246 ஆகிவிடும், பக்கத்துத் தாளோடு கோடு சேராது. அச்சிடும்போது 'அக்சுவல் சைஸ்' என்பதையோ, 'கஸ்ரம் ஸ்கேல்' என்பதில் கணக்கிட்ட சதவீதத்தையோ கொடுக்கச் சொல்லுங்கள். வரைந்தவர் ஓரத்தில் அரை அங்குலம் விட்டிருந்தால் ஏ4இன் ஒடுக்கத்தால் எதுவும் வெட்டுப்படாது.

முதலில் 100 மில்லிமீற்றர்க் கோடு உள்ள பக்கத்தை மட்டும் சாதாரணத் தாளில் எடுத்து அடிமட்டத்தை வையுங்கள். 60 சதவீதம் கேட்டால் 60 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். 58 இருந்தால் எங்கோ 'ஃபிற்' இன்னும் வேலை செய்கிறது. கோட்டைக் கிடையாகவும் நெடுக்காகவும் இரண்டு போட்டால் இன்னும் நல்லது. சில இயந்திரங்கள் தாள் ஓடும் திசையில் ஒரு சதவீதம் கூட்டிக் குறைக்கும். அதனால்தான் ஒரு மாதிரியின் எல்லாப் பக்கங்களையும் ஒரே இயந்திரத்தில், ஒரே திசையில் வைத்து எடுக்க வேண்டும். சுவர் ஒரு திசையிலும் கூரை மறு திசையிலும் அச்சானால் கூரை பொருந்தாது, பொருந்தாததற்குக் காரணமும் பிடிபடாது.

ஃபைலை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள். அது படத்தைச் சுருக்கிவிடும், தாளின் அளவு பற்றிய தகவலும் போய்விடும். பீ.டி.எவ். ஆக, 'டொக்கியுமன்ற்' என்ற வழியில் அனுப்புங்கள். படத்தை வேர்ட் பக்கத்தில் ஒட்டி அச்சிடுவதும் வேண்டாம், வேர்ட் அதைத் தன் ஓரங்களுக்குள் அடங்கும்படி தானே குறுக்கும்.

கணினி இல்லாமல் போட்டோக்கொப்பி இயந்திரத்தில் செய்பவர்களுக்கு: பெரும்பாலான இயந்திரங்கள் 25 முதல் 400 சதவீதம் வரை போகும். 20 சதவீதம் வேண்டுமானால் 40இல் ஒன்று எடுத்து, அதை 50இல் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டையும் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கோடு மங்கும் என்பதால் இரண்டுக்கு மேல் போகாதீர்கள். தாள் கணக்கும் பெருக்கல்தான். 50 சதவீதத்தில் நாலு பக்கம் ஒரு தாளில் அடங்கும், 71 சதவீதத்தில் இரண்டு. 60 சதவீதத்தில் பரப்பு 36 சதவீதமாகக் குறைவதால், துண்டுகளைக் கெட்டித்தனமாக அடுக்கினால் ஐந்து பக்கத்தை இரண்டு தாளுக்குள் கொண்டுவரலாம்.

இதுவரை சொன்னது பாதி வேலைதான். மீதிப் பாதி, சதவீதத்துக்குக் கட்டுப்படாத ஒரு பொருளால் வருகிறது. அது காகிதத்தின் தடிப்பு. படம் சுருங்கும், தாள் சுருங்காது. 80 ஜீ.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு 80 கிராம்) தாள் ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர், 160 என்றால் 0.2, 200க்கும் 220க்கும் இடைப்பட்டது 0.25. பிறிஸ்டல் போட், சவர்க்காரப் பெட்டி அட்டை போன்றவற்றின் தடிப்புத் தெரியாவிட்டால் பத்துத் துண்டை அடுக்கி இறுக்கி அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். தாளையும் அதே சதவீதத்தில் மெலிதாக்குவதுதான் பொது விதி. 28 மில்லிமீற்றர் மாதிரிக்கு 200 ஜீ.எஸ்.எம். சொல்லியிருந்தால் 60 சதவீதத்துக்கு 120 போதும். 20 சதவீதத்தில் சாதாரண 80 தாளே நல்லது, மடிப்பு கூராக விழும். அதே 200ஐ வைத்து 6 மில்லிமீற்றர் வீடு செய்தால் மூலைகள் உருண்டு, வீடு ரொபி மாதிரி இருக்கும்.

குழாய்களில் இது அப்பட்டமாகத் தெரியும். தண்ணீர்த் தாங்கியின் தூண், கோட்டைக் கொத்தளம், பீரங்கிக் குழல் எதுவானாலும், ஒரு வட்டத்தைச் சுற்றி ஒட்டும் பட்டியின் நீளம் வட்டத்தின் விட்டத்தோடு காகிதத் தடிப்பையும் கூட்டி 3.14ஆல் பெருக்கியதாக இருக்க வேண்டும். 0.25 மில்லிமீற்றர்த் தாளுக்கு இந்த மேலதிகம் 0.8 மில்லிமீற்றர். விட்டம் எதுவானாலும் அதே 0.8தான். 20 மில்லிமீற்றர்த் தூணில் அது நீளத்தின் ஒரு சதவீதத்துக்குச் சற்று மேலே, வரைந்தவர் முன்பே அதற்கு இடம் விட்டிருப்பார். அதை 30 சதவீதத்துக்குச் சுருக்கி 6 மில்லிமீற்றராக்கினால் அவர் விட்ட இடமும் 0.24 மில்லிமீற்றராகச் சுருங்கிவிடும், உங்களுக்குத் தேவையானதோ இன்னும் 0.8. பட்டி அரை மில்லிமீற்றருக்கு மேல் குறைந்து, பின்பக்கம் வெள்ளைப் பிளவு தெரியும். மெல்லிய தாளுக்கு மாறுங்கள், அல்லது வட்டத்தின் ஓரத்தைச் சுற்றிலும் 0.1 மில்லிமீற்றர் அளவில் தேய்த்துவிடுங்கள். பட்டியை இழுத்து ஒட்டினால் நடுவில் இடுப்பு விழும்.

கழற்றக்கூடிய கூரைக்கும் இதே நியாயம். உள்ளே உருவங்களை வைத்து ஆடக் கூரை பெட்டி மூடிபோல் சுவரின்மேல் இறங்க வேண்டும். மூடியின் உள்ளகலம் சுவரின் வெளியகலத்தைவிட அரை மில்லிமீற்றராவது கூட இருக்க வேண்டும், எந்த அளவுத்திட்டத்திலும். 50 சதவீதத்தில் அது கால் மில்லிமீற்றராகி, மூடி இறுகிச் சுவரையும் சேர்த்துக் கழற்றும். கூரையை மட்டும் ஒரு சதவீதம் பெரிதாக அச்சிடுவது சுலபமான தீர்வு. 50 சதவீதத்தில் சுவர், 51இல் கூரை. 50 மில்லிமீற்றர் அகலக் கூரையில் அது ஒரு மில்லிமீற்றர் தளர்வைத் தரும்.

ஒன்றுக்குள் ஒன்று செருகும் பள்ளங்களை எப்போதும் கையால் திருத்த வேண்டும். ஒரு மில்லிமீற்றர் அட்டைக்கு வரைந்த பள்ளம் 45 சதவீதத்தில் அரை மில்லிமீற்றருக்கும் குறைவு, அதே அட்டை அதற்குள் போகாது. போலந்து மாதிரிகளில் சில துண்டுகளுக்கு நட்சத்திரக் குறி போட்டு, இதை 0.5 அல்லது 1 மில்லிமீற்றர் அட்டையில் ஒட்டுக என்று சொல்லியிருப்பார்கள். அந்தக் குறியிலுள்ள எண்ணையும் சதவீதத்தால் பெருக்கித்தான் அட்டையைத் தெரிவு செய்ய வேண்டும். நடுவே நுரை வைத்த அட்டையான போம் போட்டில் மட்டும் ஒரு நல்ல தற்செயல் உண்டு. 5 மில்லிமீற்றர்ப் போம் போட்டுக்கு வரைந்த மாதிரியை 60 சதவீதத்தில் எடுத்தால் பள்ளம் சரியாக 3 மில்லிமீற்றர், கடையில் அந்தத் தடிப்பும் விற்கிறது. ரெஜிபோம் துண்டைச் சீவிப் பாவிப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை, ஆனால் அதன் ஓரம் உதிராமல் தாள் சுற்றி மூட வேண்டும்.

ஒட்டும் மடிப்புகளும் சுருங்கும். 6 மில்லிமீற்றர் மடிப்பு 50 சதவீதத்தில் 3 ஆகிவிடும். 4க்குக் கீழே போனால் விரலும் பிடிக்காது, கம்மும் பிடிக்காது. துண்டுகளுக்கு இடையில் வெற்றிடம் இருந்தால் மடிப்பின் கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள். இடம் இல்லாமல் நெருக்கி வரைந்திருந்தால் மடிப்பை முற்றாக வெட்டி எறிந்துவிட்டு, 80 தாளில் 8 மில்லிமீற்றர் அகலப் பட்டி வெட்டி நடுவே மடித்து மூலையின் உட்பக்கம் ஒட்டுங்கள். இது எல்லா அளவுக்கும் பொருந்தும், வெளியே தடிப்பும் தெரியாது. பழகியவர்கள் முழு அளவு மாதிரியிலும் இப்படித்தான் செய்வார்கள், நியாயமாக.

பெரிதாக்கும்போது தொல்லை வேறு பக்கத்திலிருந்து வருகிறது. 1:100 மாதிரியை 1:56க்கு 178.6 சதவீதம் பெரிதாக்கினால் சுவர் தன் பாரத்திலேயே வளையும். உள்ளே அட்டைச் சட்டம் வேண்டும், அல்லது முழுச் சுவரையும் 3 மில்லிமீற்றர்ப் போம் போட்டில் ஒட்ட வேண்டும். அப்படி ஒட்டினால் மூலையில் எந்தச் சுவர் எதற்குள் நிற்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். முன், பின் சுவர்கள் முழு அகலம் என்றால், பக்கச் சுவர்களிலிருந்து 6 மில்லிமீற்றர், அதாவது இரு பக்கத் தடிப்பையும், கழிக்க வேண்டும். கழிக்காவிட்டால் வீடு நீண்டு கூரை எட்டாமல் போகும். பக்கம் ஒரு தாளில் அடங்காதபோது 'போஸ்ரர்' தெரிவில் பல தாளாகப் பிரித்து அச்சிடலாம். ஆனால் அது சுவரின் நடுவால், சன்னலின் நடுவால் என்று பார்க்காமல் வெட்டும். இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு சுவரையும் தனித்தனியாக எடுத்து ஒரு தாளில் ஒரு சுவர் வைப்பது நல்லது. 110 மில்லிமீற்றர்ச் சுவர் 178.6 சதவீதத்தில் 196 மில்லிமீற்றர், ஏ4இன் நீளப் பக்கத்தில் தாராளமாக நிற்கும்.

படத்தின் தெளிவும் பெரிதாக்கும்போதுதான் கேள்வியாகிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி உள்ள படம் 200 சதவீதத்தில் 150 ஆகும், மேசைத் தூரத்தில் குறை தெரியாது. 400 சதவீதத்தில் 75 ஆகி, செங்கல் எல்லாம் சதுரக் கட்டமாக உடையும். கோடுகளாக வரைந்த பீ.டி.எவ். என்றால் இந்தப் பயம் இல்லை. ஆனால் கோடும் தடிக்கும். கால் மில்லிமீற்றர் வெட்டுக்கோடு மூன்று மடங்கில் முக்கால் மில்லிமீற்றர். எல்லாத் துண்டையும் கோட்டின் உட்பக்கத்தில், அல்லது எல்லாவற்றையும் நடுவில் என்று ஒரே மாதிரி வெட்ட வேண்டும். சுருக்கும்போது நேர்மாறு. கோடு மறைந்துவிடும், நிறம் இருண்டு, கூரை ஓடும் மரமும் ஒரே சாம்பல் பூச்சாகத் தெரியும். அச்சிட முன் படத்தை 10 முதல் 15 சதவீதம் வெளிறச் செய்தால் போதும்.

1:25 வாகனத்தை 25 சதவீதமாக்கி 1:100க்குக் கொண்டுவரும்போது, தனித்துண்டாக வந்த கைபிடி, விளக்கு, சங்கிலித் தகடு எல்லாம் மில்லிமீற்றர் கணக்கில் நிற்கும். சுருக்கிய பிறகு 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த துண்டு எதையும் வெட்ட முயலாதீர்கள். பக்கச் சுவரில் படமாக வரைந்து விடுங்கள். பெரிய வடிவம் சரியாக இருந்தால் 15 மில்லிமீற்றர் மேசையில் அது போதும். இருநூறு துண்டு மாதிரியை நாற்பது துண்டாக்குவது தோல்வியல்ல, அந்த அளவுக்கு அதுவே சரியான மாதிரி.

காகித உருவங்களையும் கவனிக்க வேண்டும். முன்புறமும் பின்புறமும் அச்சிட்டு மடித்து நிறுத்தும் உருவத்தைச் சுற்றி ஒன்றரை மில்லிமீற்றர் வெள்ளை ஓரம் இருக்கும். 60 சதவீதத்தில் அது 0.9 ஆகிக் கத்தி வழுக்கும் இடமெல்லாம் கை, வேல் என்று வெட்டுப்படும். 15 மில்லிமீற்றருக்கு வந்தால் ஓரத்தை மறந்து, மூன்று நாலு ஆட்களை ஒரே பட்டியாகச் சேர்த்து வெட்டுங்கள். 6 மில்லிமீற்றரில் ஒரு வரிசை முழுதும் ஒரே துண்டு. இன்னொன்று, உருவம் 2 அல்லது 3 மில்லிமீற்றர் உயர அடித்தட்டில் நிற்கிறது, கட்டடம் மேசையில் நேரே நிற்கிறது. 28 மில்லிமீற்றரில் இது பரவாயில்லை. 6 மில்லிமீற்றரில் அடித்தட்டே ஆளின் மூன்றிலொரு பங்கு. ஆகவே சிறிய அளவுகளில் வீட்டையும் அதே தடிப்பு அட்டையில் ஒட்டி உயர்த்துங்கள், அல்லது உருவத்தின் தட்டைச் சாதாரண அட்டையாக மாற்றுங்கள்.

அளவு மாறினால் தூரமும் மாற வேண்டுமா என்பது ஆட்டத்தைப் பொறுத்தது. எல்லாவற்றையும் 60 சதவீதமாக்கினால் அங்குலச் சதுரம் 15 மில்லிமீற்றர், ஆறடிக்கு நாலடி மேசை மூன்றே முக்காலுக்கு இரண்டரை அடிக்குள் அடங்கிவிடும். வீட்டுச் சாப்பாட்டு மேசையே போதும் என்பதால் சிறிய அளவுக்கு மாறுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

மாரி காலத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தாள் நார்போக்குக்குக் குறுக்கே விரியும். ஒரு பக்கம் மழைநாளிலும் மறுபக்கம் வெயில்நாளிலும் அச்சிட்டால் பெரிய சுவர்கள் ஓரத்தில் சேராது. ஒரே இருப்பில் அச்சிட்டு, இயந்திரத்தின் சூடு ஆறிய பிறகு அளந்து வெட்டுங்கள். வெள்ளைக் கம் தண்ணீர் கலந்தது, தாராளமாகப் பூசினால் தாள் சுருளும். பென்சில் நுனியளவு எடுத்து, ஒரு பழைய அட்டையால் வழித்து ஒட்டுங்கள். இன்க்ஜெற் மை ஈரத்தில் ஓடும். லேசர் அச்சு ஓடாது, ஆனால் மடிப்பில் வெடிக்கும். மை தீர்ந்த போல்பொயின்ற் பேனையால் மடிப்புக்கோட்டை அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் வெடிப்பு குறையும், மிச்சத்தை நிறப் பேனையால் தொட்டுவிடலாம். வெட்டிய வெள்ளை ஓரத்துக்கும் அதே பேனைதான். முடிந்தவற்றை பிஸ்கற் ரின்னில் மூடி வையுங்கள், கறையானுக்கு அளவுத்திட்டம் கிடையாது.

விலைக்கு வாங்கிய ஃபைலை உங்கள் மேசைக்காகச் சுருக்குவதையும் பெருப்பிப்பதையும் பொதுவாக வரைந்தவர்கள் தடுப்பதில்லை. அச்சிட்டு விற்பதும் ஃபைலைப் பகிர்வதும் வேறு. அனுமதிக் குறிப்பை வாசியுங்கள்.

மறுபடி உங்கள் பத்திரிகைக்கு. மாங்குளம் ரயில் நிலையம், முறிகண்டிப் பிள்ளையார் கோவில், குளக்கட்டுத் துருசு, வயல் நடுவே காவல் பரண் போன்றவை மாணவர் பகுதியில் மாதிரியாக வந்தால், 1:100இல் வரையுங்கள். பக்கத்துக்குள் அடங்கும், மற்ற அளவுகளுக்கு மாற்றுவதும் மனக்கணக்கு: 1:50 வேண்டுமா, 200 சதவீதம், 1:200 வேண்டுமா, 50. ஒட்டும் மடிப்புகளை 8 மில்லிமீற்றராக விடுங்கள், பாதியாக்கினாலும் 4 மிஞ்சும். துண்டுகளுக்கு இடையே ஐந்து மில்லிமீற்றர் இடைவெளி விட்டால் நல்லது. 100 மில்லிமீற்றர்க் கோட்டைப் பக்கத்தின் நெடுக்கே ஒன்றும் குறுக்கே ஒன்றுமாக இரண்டாகப் போடுங்கள், அதன் கீழே 'இது 100 மில்லிமீற்றர்' என்று எழுதுங்கள். பத்திரிகைத் தாள் மெல்லியது, ஈரக் கம் பட்டவுடன் நீளும். அதனால் வாசகர்கள் முதலில் முழுப் பக்கத்தையும் குச்சிக் கம்மால் பிறிஸ்டல் போட்டில் ஒட்டி, பாரம் வைத்துக் காயவிட்டு, பிறகே வெட்ட வேண்டும் என்ற குறிப்பும் அருகில் இருக்கட்டும். அதே பக்கத்தை பீ.டி.எவ். ஆகவும் இணையத்தில் ஏற்றினால் கொமினிக்கேசன் கடையில் நேரே நல்ல தாளில் எடுத்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
காகித மாதிரி ஆர்வலர் ஒருவர்,
கிளிநொச்சி.